கிரேக்கக் கோரஸ் ஏன் ஒடுங்கியது?

கேள்வி:
திருகோணமலையில் உயர்தர வகுப்புக்கு நாடகமும் அரங்கியலும் கற்பிக்கிறேன். கூத்தின் பிற்பாட்டைக் கேட்டு வளர்ந்த மாணவர்கள், பண்டைய கிரேக்க நாடகத்தில் கோரஸ் (குழுவாகப் பாடி ஆடுவோர்) ஏன் படிப்படியாக ஒடுங்கியது என்று வினவுகிறார்கள். எவ்வாறு விளக்கலாம்?

பதில் 1:
அரிஸ்டாட்டிலின் கூற்றுப்படி நாடகாசிரியர்களான எஸ்கிலஸ் இரண்டாம் நடிகரையும் சோபோகிளிஸ் மூன்றாமவரையும் சேர்த்தார்கள். அதனால் கதையை நகர்த்தும் பொறுப்பு பாடலிலிருந்து உரையாடலுக்கு மாறியது. எனினும் கோரஸினர் 12 பேரிலிருந்து 15 பேராக உயர்ந்ததாகவே மரபுச் செய்தி கூறுகிறது. குறைந்தவை அவர்களுடைய வரிகளே. பிற்கால நாடகாசிரியர் மெனாண்டரின் நகைச்சுவை நாடகங்களில் கோரஸ் அங்கங்களுக்கு இடையே வரும் ஆடல்பாடலாக மட்டுமே எஞ்சியது.

பதில் 2:
'ஓர்கெஸ்ட்ரா' என்பது முதலில் கோரஸின் ஆடுகளத்தைக் குறித்த சொல். கிரேக்கத்தின் எபிடாரஸ் அரங்கிலுள்ள வட்டத் தளத்தை, நமது கூத்து ஆடப்படும் வட்டக்களரிக்கு அருகில் வைத்துக் காட்டுங்கள், ஐயா.

கேட்டவர்:
மிக்க நன்றி. அடுத்த பாடத்தை அந்த வட்டத்திலிருந்தே தொடங்குகிறேன்.