38 பிள்ளைகள் உள்ள பாடசாலையை இணைக்கப் போறாங்களாம், என்ன செய்யலாம்?

கேள்வி: மட்டக்களப்புப் படுவான்கரையில தரம் 1–5 பாடசாலை. இணைக்கப் போற அடுத்த பாடசாலை 4 கிலோமீற்றர். இதை நிப்பாட்ட வலயக் கல்விப் பணிமனைக்கு எதைக் காட்டோணும்?

பதில் 1: முதல்ல செலவுக் கணக்கைக் கேளுங்க. பெரும்பங்கு ஆசிரியர் சம்பளம்தான். மூடினா ஆசிரியர் இடம் மாறுவார், சம்பளம் மாறாது. மிஞ்சுறது கரண்ட் பில்லும் திருத்த வேலையும். பிள்ளைகளை ஏத்தி இறக்கிற செலவு யார்ர தலையில? மாரியில ரோட்டுல தண்ணி நிக்கிற நாட்களையும், காலையில யானை வாற இடங்களையும் குறிச்சு வரைபடத்தோட குடுங்க.

பதில் 2: மறுபக்கமும் இருக்கு தம்பி. 3 ஆசிரியர் 5 வகுப்பெண்டா 1+2, 3+4 சேர்த்துத்தான் படிப்பிக்கோணும். பல்தரக் கற்பித்தல் பழகாதவர் வந்தா, முழுக் கவனமும் புலமைப்பரிசில் பரீட்சை எழுதுற தரம் 5க்குப் போயிடும். தரம் 1க்கு எழுத்தே பிடிபடாது.

பதில் 3: கிராம சேவகரிட்டயும் குடும்பநல உத்தியோகத்தரிட்டயும் 0–4 வயதுப் பிள்ளைகள்ர எண்ணிக்கையை எடுங்க. அடுத்த 5 வருசச் சேர்க்கை அதில தெரியும். இது இல்லாத மனு வெறும் ஒப்பாரி. பாடசாலை அபிவிருத்திச் சங்கத் தீர்மானத்தோட மனுவை வலயப் பணிப்பாளருக்கு அனுப்பி, அதின்ர பிரதியை மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கும் அனுப்புங்க. எண்ணிக்கை குறையுதெண்டா, தரம் 1–3ஐ மட்டும் ஊருக்குள்ள வைக்கச் சொல்லிக் கேளுங்க.