மறு: கிச்சன் ஐலண்ட் – தீவா, திட்டா, மேடையா?

குழுவினருக்கு வணக்கம். சமையலறையில் சுவரோர மேடை போக, நான்கு பக்கமும் நடக்க இடம் விட்டுக் கட்டும் இன்னொரு மேடைதான் கிச்சன் ஐலண்ட். அதற்குத் தமிழில் என்ன சொல் என்பதுதான் இந்த இழையின் கேள்வி.

> 'அடுக்களைத் தீவு' என்றே எழுதிவிடலாம். எல்லாருக்கும் புரியும்.

புரியுமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். தம்பி வீட்டில் சமையலறையை இடித்துக் கட்டுகிறார்கள். மூன்று மாதமாக நான்தான் கூட நிற்கிறேன். இந்த இழையைப் படித்த மறுநாள், வேண்டுமென்றே கொத்தனாரிடம் "இங்க ஒரு தீவு வருது மேஸ்திரி" என்று சொல்லிப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தண்ணி நிக்குமா சார்?" என்றார்.

தீவு வடசொல்லா தமிழ்ச்சொல்லா என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. எனக்குள்ள சிக்கல் வேறு. சென்னைத் தீவுத்திடலைக் கூவம் சூழ்ந்திருக்கிறது, பெயர் பொருந்துகிறது. இங்கே சூழ்ந்திருப்பது டைல்ஸ். அது மட்டுமா, ஒரு பக்கம் சுவரோடு ஒட்டியிருந்தால் அதைப் பெனின்சுலா என்கிறார்கள். அப்போது 'அடுக்களைத் தீபகற்பம்' என்று எழுத வேண்டிவரும். அதை ஆசாரியிடம் சொல்லும் பொறுப்பை நான் ஏற்கமாட்டேன்.

> திட்டு? மணல்திட்டு மாதிரி.

நல்ல சொல். கொள்ளிடத்துக்காரர்களுக்குத் திட்டு என்றால் ஆற்றுக்கு நடுவே வீடும் வயலுமாக மேடேறி நிற்கும் ஊர், வெள்ளம் வந்தால் படகில்தான் போக்குவரத்து. மேடான இடம் என்ற பொருளும் உள்ளே இருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டு அடுக்களையில் ஏற்கெனவே திட்டுக்குப் பஞ்சமில்லை. "சமையலறையில் திட்டு வைப்பது எப்படி" என்று ஒரு கட்டுரைக்குத் தலைப்பு வைத்துப் பாருங்கள்.

'துருத்தி' என்று எழுதிய ஐயாவுக்கு என் தனி வணக்கம். ஆற்றிடைக்குறைக்கு, அதாவது ஆற்றுக்கு நடுவே இருக்கும் நிலத்துக்கு, துருத்தி என்று பெயர் உண்டு, திருப்பூந்துருத்தி அப்படி வந்த ஊர்ப்பெயர். அடுப்பு ஊதும் கருவிக்கும் அதே பெயர் என்பதால் அடுக்களைக்குள் கொண்டுவர ஆசையாகத்தான் இருக்கிறது. அரங்கமும் ஆற்றிடைக்குறைதான், திருவரங்கம் சாட்சி. ஆனால் இன்றைக்கு அரங்கம் என்றால் நாற்காலி வரிசை, துருத்தி என்றால் கொல்லுப்பட்டறை. சொல் அழகாக இருப்பதற்காக மேஸ்திரியை இரண்டாம் முறை விழிக்க வைக்க மனமில்லை.

சரி, அவரே என்ன சொன்னார்? படத்தைக் காட்டியதும், "ஓ, நடுவுல ஒரு மேடைங்களா" என்றார். அடுப்புமேடை எல்லாருக்கும் பழகிய சொல், அதன் தங்கையாக 'நடுமேடை'. போன வாரம் வரை என் ஓட்டு அதற்குத்தான். அப்புறம் மாறிவிட்டது. மாறிய கதையைச் சொல்கிறேன்.

அறையின் அகலம் பதினொன்றரை அடி. சுவரோரம் அடுப்புமேடை இரண்டு அடி. இரண்டரை அடி அகலத்தில் புது மேடையைச் சரியாக நடுவில் வைத்தால் இருபக்கமும் மூன்றரை அடி, அதாவது 42 அங்குலம். அமெரிக்காவின் தேசிய சமையலறை குளியலறைச் சங்கத்தின் வழிகாட்டியும் அடுப்புப் பக்க இடைவெளிக்கு இதே அளவைத்தான் சொல்கிறது, ஆனால் ஒருவர் மட்டும் சமைத்தால். இரண்டு பேர் என்றால் 48. தாளில் இதைப் படித்தபோது பெரிதாக உறைக்கவில்லை. தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, செங்கல் அடுக்கி, மேலே பழைய கட்டில் பலகையைப் போட்டு ஒத்திகை பார்த்தோம். அம்மா அடுப்புப் பக்கம், தம்பி மனைவி அவருக்கு முதுகு காட்டிப் பலகையில் சப்பாத்தி தேய்க்கிறார். அம்மா வெறும் குக்கரை இறக்குவது போலத் திரும்பினார். முழங்கை நேராக மருமகள் விலாவில். "கொதிக்கிற குக்கரா இருந்தா என்ன ஆயிருக்கும்?" என்றார் அம்மா. பலகையை அரை அடி தள்ளிவைத்தோம். அடுப்புப் பக்கம் நான்கு அடி, மறுபக்கம் மூன்று அடி, நடப்பதற்கு அது போதும்.

இப்போது மேடை நடுவில் இல்லை. ஆனாலும் அது ஐலண்ட்தான். ஆக, அதற்கு அடையாளம் நடுவில் இருப்பது கிடையாது, எந்தச் சுவரையும் தொடாமல் இருப்பது.

எனவே என் முன்மொழிவு: தனிமேடை.

வீட்டு விளம்பரங்களில் 'தனிவீடு' என்கிறோமே, பக்கத்து வீட்டோடு சுவர் பகிராத வீடு, அதே 'தனி'. சுவரோடு ஒருபக்கம் ஒட்டியது ஒட்டுமேடை. சக்கரம் வைத்துத் தள்ளுவது நகர்மேடை. 'தனி மேடை போட்டுப் பேசினார்' என்று செய்தித்தாளில் வருமே என்று யாராவது கேட்பீர்கள். அடுப்புமேடையில் ஏறி யாரும் பேசுவதில்லை, இதிலும் பேசமாட்டார்கள்.

> தனிமேடை என்றால் அதில் தொட்டியும் அடுப்பும் இருக்க வேண்டாமா?

வேண்டியதில்லை. தம்பி வீட்டில் இரண்டும் கிடையாது. மாடிக் குடியிருப்பு, தொட்டி வைத்தால் கழிவுக்குழாய்க்குச் சரிவு கொடுத்துத் தரையை வெட்ட வேண்டும், அதற்குக் கீழ்வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும். அடுப்பு வைத்தால் சிம்னியைக் கூரையிலிருந்து தொங்கவிட வேண்டும். மிக்சிக்கு ஒரு பிளக் பாயிண்ட் மட்டும் டைல்ஸுக்கு அடியில் குழாய் விட்டுக் கொண்டுவந்தோம்.

இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. ஹால் பக்க முனையில் உட்கார்ந்து சாப்பிட, கிரானைட் பலகை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். 36 அங்குல உயர மேடைக்கு முழங்கால் இடிக்காமலிருக்க 15 அங்குலம் நீட்ட வேண்டும், ஆளுக்கு 24 அங்குல அகலம். ஆசாரி இதை 'புரொஜெக்‌ஷன்' என்கிறார். எனக்கு 'இறவாரம்' தோன்றியது, கூரை சுவரைத் தாண்டி நீள்வது போலத்தானே இதுவும். ஆனால் இறவாரத்துக்கு அடியில் மழைக்கு ஒதுங்குவோம், இங்கே கால் நீட்டுகிறோம். 'முழங்கால் நீட்டு' என்றால் உடற்பயிற்சி போலிருக்கிறது. வேறு சொல் இருந்தால் வியாழனுக்குள் எழுதுங்கள், அன்றுதான் கல் அறுக்க வருகிறார்கள்.