சாஸ் பைல்களை எஸ்சிஎஸ்எஸ்ஸுக்கு மாத்த வழி தெரிஞ்சாக்கள் சொல்லுங்கோ

வணக்கம். கிளிநொச்சியில ஒரு கமக்காரர் அமைப்பின்ர இணையத்தளத்தை இப்ப நான்தான் பார்க்கிறன். இரணைமடுத் தண்ணி திறக்கிற அறிவித்தல், விதைநெல் விலை, இப்பிடியான தளம். முந்திச் செய்த தம்பி, தளத்தின்ர தோற்றத்தைச் சொல்லுற ஸ்டைல் முழுக்க, சிஎஸ்எஸ் ஆக மாறுற சாஸ் மொழியின்ர பழைய முறையில, அடைப்புக்குறியும் அரைப்புள்ளியும் இல்லாமல் எழுதிவச்சிட்டு வெளிநாடு போட்டார். இங்க மற்றப் பிள்ளையளுக்கு அதுகளைப் போட்டு எழுதிற சாஸ் முறையான எஸ்சிஎஸ்எஸ்தான் பழக்கம்.

ரூபி மொழியில செய்த பழைய சாஸ் கருவியான ரூபி சாஸோட 'சாஸ்-கன்வர்ட்' எண்டு ஒரு கட்டளை வரும். எதிலயிருந்து எதுக்கு எண்டு குடுத்து, ரிகர்சிவ் எண்டும் சேர்த்தால் முழு போல்டரையும் மாத்தித்தரும். ஆனா ரூபி சாஸுக்கான ஆதரவு 2019 மார்ச்சோட முடிஞ்சுது. இப்பத்தைய டார்ட் சாஸில அந்தக் கட்டளை இல்லை. சாஸ்-மைக்ரேட்டர் எண்ட கருவி, மற்றப் பைலைச் சேர்க்கிற பழைய 'இம்போர்ட்' கட்டளையை 'யூஸ்' எண்ட புதுக் கட்டளை ஆக்கும், எழுத்துமுறையில கைவைக்காது.

ரூபி சாஸின்ர பழைய ஜெம்மை (ரூபிப் பொதியை) இப்பத்தைய ரூபியில ஆராவது ஓட்டிப் பார்த்தனீங்களோ? அல்லாட்டி நோட் (ஜாவாஸ்கிரிப்ட்) பக்கம் நல்ல மாற்றுக் கருவி இருக்கோ? பைலுகளுக்குள்ள தம்பி தமிழில எழுதின குறிப்புகள் எனக்கு முக்கியம், அதுகள் சிதையக்கூடாது. ஒவ்வொரு பைலாக இணையத்தில ஒட்டி மாத்திற யோசினையை மட்டும் சொல்லாதேங்கோ!

மாத்த முதலும் பிறகும் கம்பைல் பண்ணி, வாற சிஎஸ்எஸ் ரெண்டையும் டிஃப்பில ஒப்பிடுறதா இருக்கிறன். சாஸ், எஸ்சிஎஸ்எஸ் ரெண்டு வகைப் பைலும் ஒரே புரொஜெக்டில சேர்ந்து ஓடும், அதால அவசரமில்லை. பரந்தன், முறிகண்டிப் பக்கம் இது தெரிஞ்ச ஆக்கள் இருந்தால் லப்டொப்போட நேரிலயும் வருவன்.