விட்டு வந்த பிறகுதான் படுத்தேன்

குடித்தே தன்னை அழித்துக்கொண்டிருந்த கணவரை விட்டு வந்தவள் நான். "அப்பாடா, இனி உனக்கு நிம்மதி" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். வந்த புதிதில் நிம்மதியாகத்தான் இருந்தது. அடித்துப் போட்ட மாதிரி தூங்கினேன். அப்புறம்தான் மனச்சோர்வு (டிப்ரஷன்) ஆரம்பித்தது. காலையில் கண் விழித்தால் பல் தேய்க்க எழுந்திருப்பதே பெரும்பாடு. நடுராத்திரியில் அவர் வாந்தியைத் துடைத்துவிட்டு விடிந்ததும் வேலைக்கு ஓடியவள், தொந்தரவே இல்லாத வீட்டில் குளிக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

"வெளியே வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்று ஆளாளுக்குச் சொல்வதால் இதை எழுதுகிறேன். சிலருக்குச் சரியாகலாம். என்னைப் போல வெளியே வந்த பிறகு படுத்துக்கொள்பவர்களும் நிறையப் பேர் உண்டு.

கதவில் சாவி திரும்பும் சத்தத்தை வைத்தே அன்றைக்கு எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று கணக்குப் போட்டுவிடுவேன். ஒரே திருப்பில் திறந்தால் பரவாயில்லை. சாவி துவாரத்தைத் தேடி உரசினால் பிள்ளையை அடுத்த அறைக்கு அனுப்பிவிட வேண்டும். வருஷக்கணக்கில் இப்படிக் காது கொடுத்தே இருந்த உடம்புக்கு, இனி காவல் தேவையில்லை என்று தெரிந்ததும், அதுவரை தள்ளிப்போட்ட களைப்பும் துக்கமும் மொத்தமாக வந்து இறங்கின. மனநல மருத்துவர் அப்படித்தான் விளக்கினார். கடந்த 2 வாரங்களில் எப்படி இருந்தீர்கள் என்று 9 கேள்விகள் உள்ள ஒரு தாளைக் கொடுத்தார். மொத்தம் 27 மதிப்பெண். 10-ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டும் என்றார். என்னுடையது அதைத் தாண்டி எங்கேயோ இருந்தது.

மாத்திரை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தொடங்கியதும் வயிற்றைப் புரட்டியது, வேறு எந்த மாற்றமும் தெரியவில்லை. பலன் தெரிய சில வாரங்கள் ஆகும் என்று முதலிலேயே சொல்லியிருந்ததால் பொறுத்துக்கொண்டேன். முதலில் தூக்கம் நேரானது, மனசு மெதுவாகத்தான் வந்தது. நன்றாக ஆன பிறகும் குறைந்தது 6 மாதமாவது தொடர வேண்டும், நிறுத்தும்போதும் மருத்துவரைக் கேட்டுப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். தேறிவிட்டேன் என்று சட்டென்று நிறுத்தி, மறுபடி விழுந்தவர்களைத் தெரியும்.

கவுன்சிலிங்கில் கொடுத்த வேலைதான் எனக்குப் பெரிய உதவி. மணிக்கு மணி என்ன செய்தேன் என்று எழுதி, பக்கத்தில் அது தந்த திருப்திக்கு 0 முதல் 10 வரை மார்க் போட வேண்டும். "மனசு வந்தால் செய்யலாம் என்று காத்திருக்காதீர்கள், செய்தால் மனசு பின்னால் வரும்" என்றார். எனக்குத் துளியும் நம்பிக்கை இல்லை. துணி மடித்தது 1, மொட்டைமாடியில் நின்றது 3 என்று எழுதினேன். "அவருடைய லாஸ்ட் சீன் பார்த்தது" என்று எழுதியதற்குப் பக்கத்தில் மட்டும் எப்போதும் 0. ராத்திரி 2 மணிக்கு ஆன்லைனில் இருந்தால், ஆள் உயிரோடு இருக்கிறார் என்று ஒரு ஆறுதல். உடனே, இன்னும் ஏன் தூங்கவில்லை என்று அடுத்த கவலை. அந்த 0-க்களை வரிசையாகத் தாளில் பார்த்த பிறகுதான் அவர் எண்ணை பிளாக் செய்ய முடிந்தது.

*

அக்கா, லாஸ்ட் சீன் விஷயத்தைப் படித்ததும் என் கதையைச் சொல்லத் தோன்றியது. நான் விட்டு வந்தது என் காதலியை. சண்டை வந்தால் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வாள். மறுநாள் அவளைப் போல அன்பானவள் உலகத்தில் இல்லை. என்றைக்கு எந்த முகம் என்று தெரியாததால்தான் அவ்வளவு காலம் ஒட்டிக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன். ஸ்கின்னர் என்ற உளவியலாளர் புறாக்களை வைத்துக் காட்டிய விஷயம் இது. பொத்தானைக் கொத்தினால் எப்போது தீனி வரும் என்று தெரியாத புறாதான், தீனி நின்ற பிறகும் விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும்.

பிரிந்த பிறகு எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஆபீசில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். தலைவலி என்று டாக்டரிடம் போன இடத்தில்தான் இது டிப்ரஷன் என்று தெரிந்தது. ஆண்களுக்கு இப்படி எரிச்சலாகவும் வரும் என்றார். "பாசிட்டிவா இரு மச்சி" என்று சொன்ன நண்பர்களால் ஒரு பைசா பிரயோஜனம் இல்லை. எதுவும் பேசாமல் தினமும் சாயங்காலம் வந்து ஷட்டில் விளையாடக் கூட்டிப்போனானே ஒருவன், அவனுக்குத்தான் கடன்பட்டிருக்கிறேன்.

*

என் கதை தம்பியைப் பற்றியது, போதை ஊசி. நான் முழுதாக விட்டு வரவில்லை. பணம் கொடுப்பதை நிறுத்தினேன், வீட்டில் சேர்ப்பதில்லை, போன் வந்தால் எடுப்பேன். விடுவது என்றால் முழுதாக அறுத்துக்கொள்வது என்று சிலர் அடித்துப் பேசுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை.

உயிரோடு இருக்கிறவனுக்காக அழுதால் யாருக்கும் புரிவதில்லை. "அவன்தான் இருக்கிறானே" என்பார்கள். பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில், போரில் காணாமல்போன வீரர்களின் குடும்பங்களைப் பார்த்து இந்த மாதிரி துக்கத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆள் கண்ணெதிரே இருந்தும் நமக்குத் தெரிந்த அந்த ஆள் இல்லாமல் போவதையும் அதே கணக்கில்தான் சேர்க்கிறார். அதைப் படித்த அன்றுதான் வாய்விட்டு அழுதேன்.

குடிநோயாளிகளின் குடும்பங்களுக்காக 1951-இல் தொடங்கிய அல்-அனான் கூட்டங்களில் ஒன்று சொல்வார்கள்: இதற்கு நான் காரணம் இல்லை, என்னால் இதைக் கட்டுப்படுத்த முடியாது, குணப்படுத்தவும் முடியாது. அங்கே வரும் இறைவழிப் பேச்சு எனக்கு ஒத்துவரவில்லை. ஆனால் விளக்கம் சொல்லத் தேவையில்லாத மனிதர்களோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பது வேறெங்கும் கிடைக்காது.

*

அக்கா, ஒரு கேள்வி. "நீ வராவிட்டால் செத்துப்போவேன்" என்று நான் விட்டு வந்தவர் போன் செய்தால் என்ன செய்வது? எனக்கு இப்போது அதுதான் நடக்கிறது.

*

தங்கச்சி, எனக்கும் வந்திருக்கிறது. சும்மா மிரட்டுகிறார் என்று ஒரு தடவைகூட விட்டுவிடாதே. அதற்காக நீயேதான் ஓட வேண்டும் என்பதும் இல்லை. "தற்கொலை செய்துகொள்ளப் போகிறீர்களா?" என்று நேராகவே கேள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆமாம் என்றாலோ பதில் மழுப்பலாக வந்தாலோ, அவருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒருவருக்கும் அவசர உதவி எண்ணுக்கும் உடனே சொல்லிவிடு. யாருக்கு முதலில் போன் செய்வது, அவர் எடுக்காவிட்டால் அடுத்து யார் என்று இன்றைக்கே எழுதி வை. அந்த நேரத்தில் மூளை வேலை செய்யாது. நான் என் கணவருடைய அண்ணனிடம் முன்கூட்டியே பேசி, "இப்படி ஒரு போன் வந்தால் உங்களுக்குத்தான் சொல்வேன், நான் வர மாட்டேன்" என்று சொல்லி வைத்திருந்தேன். சொன்னபடி அவர்தான் போனார். எனக்கு அன்று முழுக்கக் கை நடுங்கியது, ஆனாலும் போகவில்லை.

உனக்கே அந்த மாதிரி எண்ணம் வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதே. அன்றைக்கே மருத்துவரிடம் போ, கூட ஒருவரை அழைத்துக்கொள்.