“பழைய கார்தான் பாதுகாப்பு” என்று இனி யாரும் எழுதாதீர்கள்

பேஸ்லைன் சாரதி:
முன்பக்கம் நசுங்கிய ரொயோட்டா அக்குவாவின் படத்தைப் போட்டு, “புதுக் கார் எல்லாம் தகரம், என் மொறிஸ் மைனர் என்றால் ஒரு கீறலோடு போயிருக்கும்” என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்கு இத்தனை பேர் ஆமாம் போட்டதுதான் எனக்கு எரிச்சல். அந்தப் படத்திலேயே ஓட்டியவர் வெளியே நிற்கிறார், பார்க்கவில்லையா? பொனட் நசுங்க வேண்டும் என்றுதான் அப்படிச் செய்கிறார்கள். மோதும்போது நிற்க எடுக்கும் தூரம் இரண்டு மடங்கானால் உடம்பில் விழும் விசை பாதியாகும். மெர்சிடிஸ் 1959இலேயே இதை விற்பனைக் காரில் கொண்டுவந்துவிட்டது. அதே 1959இல் செய்த செவர்லே பெல் எயாரை, 2009 மாலிபுவோடு முன்பக்கம் மோதவிட்டுப் பார்த்தது அமெரிக்கக் காப்புறுதிக் கம்பனிகளின் வீதிப் பாதுகாப்பு நிறுவனம். பெல் எயாரில் ஓட்டுநர் இடத்தில் வைத்த சோதனைப் பொம்மை ஒரு மனிதனாக இருந்திருந்தால், செத்திருப்பான். மாலிபுவில் இருந்தவனுக்குக் காலில் சிறு காயம். வீடியோ இருக்கிறது, பாருங்கள்.

மைனர்1000:
படத்தைப் போட்டது நான்தான். “ஒருவர்” என்று ஒளித்து எழுதத் தேவையில்லை. வீடியோவும் பார்த்தேன். மோதியவுடன் பழுப்பாகப் பறக்கிறதே, அது துரு. உக்கிப்போன காரைக் கொண்டுவந்து மோதிவிட்டு, பழைய கார் எல்லாம் கூடாது என்றால் நம்ப நான் சின்னப் பிள்ளை இல்லை.

பேஸ்லைன் சாரதி:
அது துரு இல்லை ஐயா. ஐம்பது வருடமாக அடியில் சேர்ந்த வீதி அழுக்கு. உடைந்தது துருவால் அல்ல, வடிவமைப்பால். சரி, அமெரிக்கக் காரை விடுவோம். உங்கள் மைனரின் எடை சுமார் 775 கிலோ. நீங்கள் தகரம் என்ற அக்குவா 1,080 கிலோ. உங்கள் காருக்குத் தனிச் சேசிஸும் (அடிச்சட்டம்) கிடையாது, அதுவும் உடலோடு சேர்ந்த கட்டுத்தான். அதோடு, மடங்காத ஸ்டியரிங் தண்டு நேரே நெஞ்சைப் பார்த்து நிற்கிறது. இதற்கு என்ன பதில்?

மைனர்1000:
நான் எடையைப் பற்றிக் கேட்கவில்லை, துருவைப் பற்றிக் கேட்டேன். அழுக்கு அந்த நிறத்தில் பறக்காது. என் கார் அப்பா ஓட்டியது, இன்றைக்கும் ஒரே தடவையில் ஸ்டார்ட் ஆகும். கொழும்பில் பஞ்சிகாவத்தைக் கடைகளில் தேடினால் எந்தச் சாமானும் கிடைக்கும். உங்களுடையதும் அக்குவாதானே, அந்த ஹைபிரிட் பற்றரி போனால் என்ன செய்வீர்கள்?

லீஃப் அக்கா:
இரண்டு பேருமே பெற்றோல் காரை வைத்துக்கொண்டுதான் சண்டை பிடிக்கிறீர்கள். இலங்கையில் 2022 யூனில் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபா ஆனது, யூலையில் கியூஆர் குறியீட்டுப் பங்கீடு வந்தது. வரிசையில் மனிதர்கள் செத்தார்கள். நான் என் மின்சாரக் காருக்கு வீட்டிலேயே சார்ஜ் போட்டு வேலைக்குப் போனேன்.

கொட்டாஞ்சேனைத் தம்பி:
அக்கா, அந்த வருடம் நாளுக்கு எத்தனை மணித்தியாலம் மின்வெட்டு என்று மறந்துவிட்டதா? 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து முழு நாடும் இருண்டது. நுரைச்சோலையில் நிலக்கரி எரித்துத்தான் உங்கள் கார் ஓடுகிறது.

லீஃப் அக்கா:
நுரைச்சோலை மட்டுமா? மழை பெய்தால் பாதி மின்சாரம் நீர் மின்சாரம் தம்பி. அன்றைக்குப் போன மின்சாரம் அன்றைக்கே வரத் தொடங்கியது. பெற்றோல் வரிசை மாதக் கணக்கில் நின்றது. இரண்டையும் ஒன்றாக்காதீர்கள்.

பேஸ்லைன் சாரதி:
எரிபொருளைப் பிறகு பேசலாம். பாதுகாப்பில் நான் யாருக்கும் பக்கம் சாயவில்லை. 2014இல் எயார்பேக் இல்லாத இந்திய அல்டோ 800ஐ 64 கிலோமீற்றர் வேகத்தில் மோதிப் பார்த்து, கார்களின் பாதுகாப்புக்கு நட்சத்திரம் போடும் குளோபல் என்கேப் அமைப்பு பூச்சிய நட்சத்திரம் கொடுத்தது. புதுக் கார்களில் எல்லாவற்றையும் தொடுதிரைக்குள் போடுவதும் தப்பு. ஐரோப்பிய என்கேப் 2026இலிருந்து சிக்னல், வைப்பர், ஹோர்ன் போன்றவற்றுக்குத் தனி ஸ்விட்ச் இல்லாவிட்டால் புள்ளி குறைக்கிறது. சரியான வேலை. ஆனால் பொனட் நசுங்குவதைக் குறையாகச் சொல்வதை நான் விடமாட்டேன்.

மைனர்1000:
பூச்சியம் என்று உங்கள் வாயாலேயே வந்துவிட்டது. புதுக் கார் பூச்சியம். போன முறை 95 ஒக்ரேன் விவாதத்திலும் இப்படித்தான், எண்களை அள்ளிக் கொட்டி என்னை முட்டாளாக்கப் பார்த்தீர்கள். எனக்கு மறக்கவில்லை.

பேஸ்லைன் சாரதி:
92க்குச் செய்த எஞ்சினுக்கு 95 ஊற்றினால் காசுதான் போகும் என்றேன். இன்றைக்கும் அதையே சொல்வேன். நீங்கள் மட்டும் ஸ்டியரிங் தண்டு பற்றி வாயே திறக்கவில்லை.

138 பயணி:
கார் வைத்திருப்பவர்கள் பேசிக்கொண்டே இருங்கள். 2025இல் கொத்மலையிலும் எல்ல நகருக்கு அருகிலும் பள்ளத்தில் விழுந்தவை பஸ்கள். இங்கே ஓடும் பஸ்களில் எத்தனை லொறிச் சேசிஸில் உடல் கட்டியவை? அதைப் பற்றி ஒருவரும் எழுதமாட்டீர்கள்.

மைனர்1000:
பஸ்ஸுக்கு வேறு இடத்தில் பேசுங்கள். இங்கே கேள்வி துரு.

பேஸ்லைன் சாரதி:
138 பயணி சொல்வது நியாயம், அதற்குத் தனியாக எழுதுகிறேன். ஐயா, கேள்வி துரு இல்லை, ஆட்கள். உங்கள் மைனரில் பின்னால் யார் இருப்பார்கள்? சீட் பெல்ற் இருக்கிறதா? அதிவேக வீதியில் பின் ஆசனத்துக்கும் பட்டி கட்டாயம் என்று 2025இல் சட்டம் வந்தது சும்மா இல்லை.

மைனர்1000:
என் பேத்தி இருப்பாள். நான் அதிவேக வீதிக்குப் போவதே இல்லை. கொழும்பு–காலி வீதியில் 40க்கு மேல் ஓட்டியதும் இல்லை. என் குடும்பத்தை எப்படிக் கூட்டிப்போவது என்று நீங்கள் சொல்லித்தர வேண்டாம்.

பேஸ்லைன் சாரதி:
நீங்கள் 40இல் போவீர்கள். எதிரே வருகிறவன் 40இலா வருகிறான்? பின்னால் இரண்டு பட்டி பொருத்த ஒரு நாள் வேலை. பஞ்சிகாவத்தையில் எல்லாம் கிடைக்கும் என்றீர்களே, அதையும் வாங்குங்கள். பிள்ளை ஏறும் கார் அது.

கொட்டாஞ்சேனைத் தம்பி:
பேஸ்லைன் அண்ணை, உங்கள் அக்குவாவின் பின் சீட்டில் பட்டி போட்டு யாரையும் நான் கண்டதில்லையே?

பேஸ்லைன் சாரதி:
என் காரில் பட்டி போடாதவர் ஏறுவதில்லை. நீங்கள் எங்கே வந்து பார்த்தீர்கள்?

மைனர்1000:
அதை விடுங்கள். அந்தத் தூசி என்ன நிறம் என்று முதலில் சொல்லுங்கள்.