அரே என்பதற்குத் தமிழ்ச்சொல்: ‘அணி’ வேண்டாம், ‘தொடரறை’ பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம்.

பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் அரேயை (ஒரே பெயரின்கீழ்ப் பல மதிப்புகளை அடுக்கிவைக்கும் அமைப்பை) ‘அணி’ என்கிறது. அதே மாணவருக்கு, அதே ஆண்டில், கணிதப் பாடத்தில் அணி என்றால் மேட்ரிக்ஸ். பெயர்தானே என்று விட்டுவிட முடியாது. பைத்தான் மொழியின் எண்கணக்கு நூலகமான நம்பையில் (NumPy) இரண்டு இருபரிமாண அரேக்களை * குறியால் பெருக்கினால் உறுப்புக்கு உறுப்பு பெருகும். நிரையை நிரலோடு பெருக்க @ குறி வேண்டும். [[1,2],[3,4]] என்பதை அதனோடே பெருக்கிப் பாருங்கள்: * தருவது 1, 4, 9, 16, @ தருவது 7, 10, 15, 22. பிழைச்செய்தி எதுவும் வராது. ‘அணிப் பெருக்கல்’ படித்து வந்தவர் எங்கே பிசகியது என்று தெரியாமல் நிற்பார்.

‘வரிசை’யும் சரிவராது. முதலில் வந்தது முதலில் வெளியேறும் கியூவுக்கு அது போய்விட்டது, கணிதத்தில் அணியின் வரிசை வேறு. அதோடு [9,2,7] வரிசைப்படுத்தப்படாமலே அரேதான்.

அரேயின் உயிர்நிலை, ஒரே அளவுள்ள அறைகள் நினைவகத்தில் இடைவெளியின்றி அடுத்தடுத்து இருப்பது. ‘சி’ மொழியில் எண்[5] என்று அறிவித்த, ஐந்து முழுஎண்களுக்கான இன்ட் அரே 2000 என்ற முகவரியில் தொடங்கி, ஒவ்வோர் உறுப்பும் 4 பைட் என்றால், எண்[3] இருப்பது 2000 + 3×4 = 2012இல். உறுப்பின் இடத்தைக் குறிக்கும் சுட்டெண் 0இல் தொடங்குவதும் இதனால்தான்: அது தொடக்கத்திலிருந்து உள்ள தொலைவு. ஆகவே ‘தொடரறை’ என்று முன்மொழிகிறேன்.

---

வணக்கம் ஐயா.

> ஆகவே ‘தொடரறை’ என்று முன்மொழிகிறேன்.

‘அறை’ மிகப் பொருத்தம், அதை விடவே கூடாது. ‘தொடர்’தான் உறுத்துகிறது. கணிதத்தில் அது சீரிஸ். இன்னொன்று, தொடர் என்றதும் சங்கிலி நினைவுக்கு வரும். அது லிங்க்டு லிஸ்ட்டின் இயல்பு. அங்கே கணுக்கள் நினைவகத்தில் சிதறிக் கிடக்கும், ஒவ்வொன்றும் அடுத்ததன் முகவரியை வைத்திருக்கும். மூன்றாவதை எட்ட முதலிலிருந்து நடந்துதான் போகவேண்டும். அரேயில் ஒரு கணக்கிலேயே எட்டிவிடலாம்.

‘அறைநிரை’ எப்படி? ஒருபரிமாண அரே ஒரே நிரை. எண்[3][4] என்று இருபரிமாணத்தில் அறிவித்தால் ‘சி’ மூன்று நிரைகளை ஒன்றன்பின் ஒன்றாக வைக்கிறது; எண்[1][2] இருக்கும் தொலைவு 1×4 + 2 = 6 அறைகள், அதுவும் 2000இல் தொடங்கினால் முகவரி 2000 + 6×4 = 2024. நிரை என்ற கணிதச்சொல் இங்கே இடிக்காமல் துணைக்கு வருகிறது.

பைத்தானின் லிஸ்ட்டுக்கு மட்டும் இதைக் கொடுக்க வேண்டாம், அது ‘பட்டியல்’ என்றே இருக்கட்டும். அதில் அடுத்தடுத்து இருப்பவை மதிப்புகளின் முகவரிகளே. மதிப்புகள் வேறெங்கோ, வெவ்வேறு வகைகளாகவும் இருக்கலாம்.

சொல் வாக்கியத்தில் ஓடுகிறதா என்றும் பார்த்தேன்: “ஐந்து அறைகள் உள்ள அறைநிரையின் கடைசிச் சுட்டெண் 4; மடக்கில் (லூப்பில்) < போடவேண்டிய இடத்தில் <= போட்டால் எண்[5]ஐத் தொடும்; ‘சி’ அதைத் தடுக்காது, பக்கத்து மாறியின் மதிப்பு அழியலாம்.” தடையின்றி ஓடுகிறது.