வாசலில் வந்து நின்ற வளர்ந்த பிள்ளைகள்: ஹாலோவீன் அனுபவங்களைப் பகிருங்கள்

எடிசன்வாசி

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்ட விஷயம். எதிர்வீட்டுப் பையனுக்குப் பதினேழு வயது, நம்ம ஊர்க் குடும்பம்தான். போன கோடை விடுமுறையில் நண்பர்களோடு சேர்ந்து குறும்படம் எடுத்தான். நகைச்சுவைப் படம். அக்டோபர் 31, ஹாலோவீன் இரவில் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டுப் போகிற வயதைத் தாண்டிவிட்ட ஒருத்தன், கடைசியாக ஒரே ஒரு தடவை என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறான். அவ்வளவுதான் கதை. ஷூட்டிங்குக்கு எங்கள் வீட்டு வாசலைக் கேட்டான். சரி என்றேன். வாசலோடு என்னையும் கேட்டான்.

ஜூலை மாதம். எட்டரைக்குத்தான் சூரியன் மறையும். அதுவரை குட்டிப் பேய்களும் சூனியக்காரிகளும் எங்கள் ஹாலில் உட்கார்ந்து கொசுக்கடியைச் சொறிந்துகொண்டிருந்தார்கள். ஹாலோவீனுக்குக் கண்ணும் வாயும் வெட்டி வாசலில் வைக்கிற பரங்கிக்காய்க்கு அந்த மாதத்தில் எங்கே போவது? தர்பூசணிக்கு ஆரஞ்சு பெயின்ட் அடித்துக் கொண்டுவந்தார்கள். கண்ணும் வாயும் வெட்டியதும் சிவப்பாகச் சாறு வடிந்து படியெல்லாம் ஓடியது. கேமரா பையனுக்கு ஒரே சந்தோஷம். எறும்பு போக எனக்கு மூன்று நாள் ஆனது.

எனக்கு வசனம் மூன்று வரி. கதவைத் திறந்து, “உனக்கு என்ன வயசு?” என்று கேட்க வேண்டும். “படிக்கிற வேலை இல்லையா?” என்று கேட்டு ஒரே ஒரு மிட்டாய் போட வேண்டும். அப்புறம் உள்ளே திரும்பி மனைவியிடம், “எருமை மாதிரி வளர்ந்திருக்கு, பையைத் தூக்கிட்டு வந்துடுச்சு பாரு” என்று சொல்ல வேண்டும். முதல் இரண்டு வரி ஆங்கிலம், மூன்றாவது தமிழ். நல்ல கற்பனை என்று பாராட்டக்கூடச் செய்தேன்.

நான்கு டேக் போயும் சரியாக வரவில்லை. ஐந்தாவதுக்கு முன்னால் பக்கத்தில் வந்து மெதுவாக, “அங்கிள், நடிக்க வேணாம். அன்னைக்குச் சொன்ன மாதிரியே சொல்லுங்க” என்றான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அட்டைப்பெட்டியில் செய்த ரோபோ தலையோடு ஒருத்தன் வந்திருந்தான். முகம் தெரியவில்லை. வெள்ளைக்காரப் பையன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாவது டேக் ஓகே ஆகிவிட்டது.

ஸ்காபரோ அக்கா

எடிசன் அண்ணா, நீங்கள் சொன்னதை வாசிக்க எனக்கு நெஞ்சு குறுகுது, ஏனென்றால் நானும் செய்திருக்கிறேன். ஆறடி உயரத்தில் ஒரு பெடியன், தனிய வந்து நின்றான். தலையணை உறைதான் பை. ‘இந்த வயதில் வெட்கமில்லையா’ என்று முகத்திலேயே காட்டிவிட்டேன், வாயால் கேட்கவில்லை. அவன் மிட்டாய் கேட்க ‘ட்ரிக் ஆர் ட்ரீட்’ என்று சொல்ல வாயைத் திறந்தான். முதல் பாதி தடித்த குரல், மற்றப் பாதி கீச்சென்று கிளம்பியது. அவனுக்கே வெட்கம் வந்து தொண்டையைச் செருமினான். எத்தனையாம் வகுப்பு என்று கேட்டேன். ஏழாம் வகுப்பாம்! பன்னிரண்டு வயது. என்ரை மகனைவிட ஒரு வயது குறைவு. கிண்ணத்தில் கிடந்த கிட்கேட் எல்லாவற்றையும் அள்ளிப் போட்டேன், ஆனால் பார்த்த பார்வையைத் திருப்பி எடுக்கேலாதே.

நடுநிலையாளன்

எல்லாரும் உருகுகிறீர்கள். என் அனுபவம் வேறு. இரவு ஒன்பதரை மணி, வேஷம் கிடையாது, ஹூடி போட்ட நான்கு பேர். “ரெண்டு ரெண்டு எடுத்துக்கோங்க” என்று கிண்ணத்தை நீட்டினேன். ஒருத்தன் கிண்ணத்தையே பைக்குள் கவிழ்த்தான். காலிக் கிண்ணத்தை என் கையில் கொடுத்து “தேங்க்யூ சார்” என்று வேறு சொன்னான்! அந்த “சார்” இன்னும் காதில் கேட்கிறது.

வர்ஜீனியாவில் செசபீக் என்ற நகரத்தில் பன்னிரண்டு வயதுக்கு மேல் மிட்டாய் கேட்டுப் போவது குற்றம் என்றே சட்டம் இருந்தது, ஆறு மாதம் வரை சிறை. காரணமில்லாமலா போட்டிருப்பார்கள்?

ஸ்காபரோ அக்கா

நடுநிலையாளன் தம்பி, அந்தச் சட்டத்தை 2019இல் மாற்றிவிட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கோ. வயதைப் பதினாலாக்கி, சிறையையும் எடுத்துவிட்டார்கள். என்னிடம் வந்த அந்தப் பெடியனை உயரத்தைப் பார்த்துப் பிடிப்பதா, பிறப்புச் சான்றிதழைக் கேட்பதா? ஆட்கள் வரக்கூடாதென்றால் வாசல் லைட்டை நூருங்கோ, பிரச்சினை முடிஞ்சுது.

நடுநிலையாளன்

லைட்டை அணைத்தால் சின்னப் பிள்ளைகளும் வராது அக்கா. அவர்களுக்காகத்தானே வாங்கி வைக்கிறோம்.

டெமாய்ன் குமார்

சண்டை வேண்டாம். எங்கள் அயோவாவில், டெமாய்ன் நகரத்தில் ஒரு வழக்கம் உண்டு. சிறுவர்கள் ஜோக் சொன்னால்தான் மிட்டாய். பசங்க அடிக்கிற லூட்டி தாங்காமல் 1938இல் நகராட்சி ஆரம்பித்த ‘பெகர்ஸ் நைட்’ இது. ரொம்ப காலம் அக்டோபர் 30 அன்றுதான் நடந்தது.

கும்பகோணத்திலிருந்து அம்மா வந்திருந்த வருடம். நான் மாடியில் இருந்தேன். அம்மாதான் தட்டோடு வாசலில் உட்கார்ந்திருந்தாள். பதினைந்து வயதிருக்கும், டிராகுலா வேஷத்தில் ஒருத்தன் வந்து “நாக் நாக்” என்றான். கதவைத் தட்டுகிற மாதிரி ஜோக்கை ஆரம்பிப்பது அது, நாம் “யாரது?” என்று கேட்க வேண்டும். அம்மா திறந்து கிடக்கிற கதவைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். அவன் மறுபடி “நாக் நாக்” என்றான். அம்மா காலிங் பெல்லைக் காட்டினாள். அவனும் விவரமானவன், போய் பெல்லை அடித்தான். நான் இறங்கி வருகிறேன், இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். ஜோக் என்ன என்று கடைசி வரை அவன் சொல்லவே இல்லை. ஊருக்குப் போன பிறகும் அம்மா போனில், “அந்தப் பல்லு வச்ச புள்ள வந்தானா?” என்று கேட்பாள். அடுத்த வருடம் அவன் வரவில்லை. அதற்கடுத்த வருடம் கேட்பதற்கு அம்மா இல்லை.

கேமராக் கண்ணன்

என் கதை சின்னது: மகள் பத்தாம் வகுப்பில் ஹாலோவீனுக்கு நான் வாங்கி வைத்த உடுப்பைப் பார்த்து “அப்பா, ப்ளீஸ்” என்றாள், அவ்வளவுதான். அதை விடுங்கள். எடிசன்வாசி சார், அந்தப் பையனிடம் சில விஷயம் சொல்லுங்கள்.

ஜூலையில் எடுத்ததற்கு அவன் வெட்கப்பட வேண்டாம். 1978இல் வந்த ‘ஹாலோவீன்’ என்ற திகில் படத்தையே ஜான் கார்பென்டர் கலிஃபோர்னியாவில் வசந்த காலத்தில்தான் எடுத்தார். அவர்களுக்கும் பரங்கிக்காய் கிடைக்காத கஷ்டம்தான். உதிர்ந்த இலைகளுக்குப் பெயின்ட் அடித்துத் தெருவில் தூவி, ஷாட் முடிந்ததும் அள்ளிப் பையில் கட்டி அடுத்த ஷாட்டுக்கு எடுத்துப் போனார்கள். கொலைகாரனின் முகமூடி, ஸ்டார் ட்ரெக் டிவி தொடரில் வருகிற கேப்டன் கிர்க்கின் மலிவு விலை முகமூடிக்கு வெள்ளை அடித்தது. மொத்தச் செலவு மூன்று லட்சத்துச் சொச்சம் டாலர்.

அப்புறம் ஒலி. கோடையில் எடுத்தால் ஏசி சத்தமும் பூச்சிச் சத்தமும் வசனத்துக்கு அடியில் உட்கார்ந்துவிடும். யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அந்த இடத்துச் சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள், எடிட்டிங்கில் ஒட்டுப்போட உதவும். சின்னப் பிள்ளைகள் நடித்தால் பெற்றோர் கையெழுத்து கட்டாயம். அட்டைத் தலைக்குள்ளிருந்து பேசுகிற வசனத்தை டப்பிங்தான் செய்ய வேண்டும். விழாக்களுக்கு அனுப்புவதாக இருந்தால், ஒவ்வொன்றுக்கும் நுழைவுக் கட்டணம் கேட்பார்கள், கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் கட்ட வேண்டாம். நீளம் பத்து நிமிடத்துக்குள் இருந்தால்

நடுநிலையாளன்

கண்ணன் சார், பதிவு பாதியில் நிற்கிறது. தயவுசெய்து தொடர வேண்டாம் :)

எடிசன்வாசி

படம் முடிந்துவிட்டது, கண்ணன். பதினொரு நிமிடம். போன சனிக்கிழமை அவர்கள் வீட்டு பேஸ்மென்ட்டில் திரை கட்டிப் போட்டார்கள். தெருவில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். என் மூன்று வரியில் முதல் இரண்டையும் வெட்டிவிட்டான். கதவு திறக்கிறது, மிட்டாய் விழுகிறது, நான் உள்ளே திரும்பி அந்தத் தமிழ் வரியைச் சொல்கிறேன், கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடுகிறது. அடுத்த ஷாட் ரோபோ தலையின் கண் ஓட்டை, ரொம்பக் கிட்டே. ஒன்றும் பேசவில்லை, சும்மா ஐந்து நொடி.

எல்லாரும் சிரித்தார்கள். அவன் அப்பாதான் சத்தமாகச் சிரித்தார், என் முதுகில் தட்டி “பின்னிட்டீங்க சார்” என்றார். அவருக்கு விஷயம் தெரியுமா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.